வழுவைத் தேடியவன்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் எனது பழைய மாணவன் ஒருவன் தாயாரோடு என்னைக் காண வீட்டுக்கு வந்திருந்தான். சாதாரண தரம் வரை என்னிடம் தமிழ் படித்தவன். பின்னர் கணிதப் பிரிவுக்குப் போய், இப்பொழுது கொழும்பிலே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் உத்தியோகம் பார்க்கிறான். முகம் வாடியிருந்தது. கண்ணின் கீழே கருமை படர்ந்திருந்தது.

"சேர், நீங்கள் இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கோ. வெயில் இல்லை, மழை இல்லை. குளிர் அறைக்குள்ளை கதிரையிலை இருந்து செய்யிற வேலை. என்னத்துக்கு இப்பிடி யோசிச்சுக்கொண்டு திரியிறானெண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார் தாயார்.

பையன் ஒன்றும் பேசவில்லை. தாயார் எழுந்து குசினிப் பக்கம் போனபின்தான் மெல்லச் சொன்னான்: "சேர், ஒரு பிழை. எங்கை இருக்கெண்டு பிடிபடேல்லை. மூண்டு கிழமையாத் தேடுறன். கண்ணை மூடினாலும் அதுதான் வருது."

அன்று அவனுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவனுடைய வார்த்தைகளைக் கேட்ட கணத்திலே, நான் முன்பு படித்த ஆங்கில நாவல் ஒன்று நினைவுக்கு வந்தது. எலன் உல்மன் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த பக்’ என்பதே அந்நாவல். கணினித் தொழிலின் நெருக்குதலால் ஒரு மனிதன் சிறிது சிறிதாக உடைந்துபோவதைச் சொல்லும் கதை அது. இன்று அந்த நாவலைப் பற்றியும், அதற்கு முன்னே நடந்து வழி காட்டிய வேறிரு நூல்களைப் பற்றியும் உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன்.

‘பக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பூச்சி என்பது நேர்ப்பொருள். இயந்திரத்தில் ஏற்படும் கோளாறை இச்சொல்லால் குறிக்கும் வழக்கம் பழையது. 1878 இலேயே தோமஸ் எடிசன் தமது கடிதமொன்றில் அவ்வாறு எழுதியிருக்கிறார். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ‘மார்க் இரண்டு’ என்ற கணிப்பு இயந்திரத்தினுள் உண்மையாகவே ஒரு விட்டில்பூச்சி அகப்பட்டிருந்தது. அங்கு வேலை செய்தவர்கள் அதை எடுத்துப் பதிவேட்டிலே ஒட்டி, பூச்சி உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவென்று வேடிக்கையாக எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவேடு வொஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டுப் பாடநூல்களில் இப்பொருளுக்கு ‘வழு’ என்ற சொல் வழங்குகிறது. யார் தெரிந்தெடுத்தார்களோ, பொருத்தமான சொல்தான். தமிழிலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்று நன்னூல் சொல்லும். அதனோடு இலக்கணம் நின்றுவிடவில்லை. வழுவமைதி என்றும் ஒன்று வைத்திருக்கிறது. அன்பு மிகுதியால் பசுவைப் பார்த்து ‘அம்மா வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் அது திணை வழுதான்; ஆயினும் சொன்னவரின் மனநிலையை எண்ணி அதை ஏற்றுக்கொள் என்கிறது நமது இலக்கணம். கணினிக்கு இந்த வழுவமைதி தெரியாது. ஒரு குறியீடு தவறினாலும், ஓர் எண் ஒன்றால் கூடிக் குறைந்தாலும் அதனிடம் மன்னிப்பில்லை. இப்படிப்பட்ட ஒன்றோடு நாள்தோறும் பன்னிரண்டு, பதினான்கு மணித்தியாலம் கூடியிருக்கும் மனிதருக்கு என்ன நேரும் என்பதுதான் நான் பேசவந்த மூன்று நூல்களுக்குமுரிய பொதுவான விடயம்.

முதலாவது நூல் நாவலன்று. ட்ரேசி கிடர் என்பவர் 1981 இல் எழுதிய ‘த சோல் ஒஃப் எ நியூ மெஷின்’, அதாவது புதிய இயந்திரமொன்றின் ஆன்மா என்ற நூல். நாவலைப் போலச் சுவையாகச் செல்லும் உண்மை வரலாறு. 1982 இல் புலிட்சர் பரிசு பெற்றது. மசாசூசெற்ஸ் மாநிலத்திலே வெஸ்ற்பரோ என்னுமிடத்தில் இயங்கிய டேட்டா ஜெனரல் நிறுவனம், போட்டி நிறுவனமான டிஜிட்டல் 1977 இல் வெளியிட்ட ‘வக்ஸ்’ கணினிக்கு எதிராக அவசரமாக ஒரு புதிய கணினியைச் செய்யவேண்டிய நிலையிலிருந்தது. ரொம் வெஸ்ட் என்ற பொறியியலாளர், பல்கலைக்கழகத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அதனை உருவாக்கினார். 1980 இல் அந்தக் கணினி சந்தைக்கு வந்தது.

அந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்ட முறையை கிடர் விரிவாகச் சொல்கிறார். ‘கையொப்பமிடுதல்’ என்று அதற்குப் பெயர். உண்மையிலே கடதாசியும் இல்லை, கையொப்பமும் இல்லை. வேண்டியபோது குடும்பம், நண்பர், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் ஒதுக்கிவைப்பேன் என்று ஒருவன் தானாகவே மனத்தால் இசைவது. எவரும் கட்டாயப்படுத்தியதாகத் தெரியாது. கட்டாயப்படுத்தாததால் எவரிடமும் முறையிடவும் முடியாது. இதனை எண்ணிப் பாருங்கள் நேயர்களே: தோட்டத்துத் தொழிலாளிக்குத் தன்னை வேலை வாங்குபவர் யாரென்று தெரியும். இந்த இளைஞனுக்கோ கங்காணியும் அவனே, கூலியாளும் அவனே. வேலை முடிந்தால் கிடைக்கும் வெகுமதியும் விசித்திரமானது. அடுத்த இயந்திரத்தையும் செய்யும் வாய்ப்பு!

கிடரின் நூலில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. ஒரு வினாடியின் நூறுகோடியில் ஒரு கூறு என்ற நுண்ணிய கால அளவுகளிலே கோளாறு தேடிக்கொண்டிருந்த ஒருவர், ஒருநாள் வேலையை விட்டுப் போய்விடுகிறார். வெர்மன்ற் மாநிலத்திலே ஒரு கூட்டுவாழ்க்கைக் குடியிருப்புக்குப் போவதாகவும், இனிமேல் ஒரு பருவகாலத்திலும் சிறிய கால அளவு எதனோடும் தமக்கு வேலையில்லையென்றும் ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போகிறார். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் இந்நூலின் பொதுத் தொனி வியப்பும் பாராட்டுமே. போர்க்களத்துக்குப் போய் வென்று வந்தவர்களின் கதைபோல அது எழுதப்பட்டிருக்கிறது. விழுந்துபட்டவர்களைப் பற்றிய பேச்சு ஓரத்திலே மாத்திரம் வருகிறது. அக்காலத்தின் மனப்பான்மை அதுதான். அப்பிள் நிறுவனத்தில் 1984 இல் வெளிவந்த மக்கின்ரோஷ் கணினியைச் செய்தவர்கள், கிழமைக்குத் தொண்ணூறு மணித்தியாலம் மகிழ்ச்சியோடு உழைக்கிறோம் என்ற கருத்துப்பட வாசகம் அச்சிட்ட மேற்சட்டைகளை அணிந்து பெருமைப்பட்டார்கள்.

சட்டமும் இதற்கு இசைந்து கொடுத்தது. 1938 இல் அமெரிக்காவில் நிறைவேறிய தொழிற் சட்டம், வரையறுத்த மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்பவருக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கவேண்டும் என்றது. ஆனால் மாதச் சம்பளம் பெறும் உயர்தொழிலாளர் அதற்குள் அடங்கமாட்டார்கள். 1990 இல், மணித்தியாலக் கூலி பெறும் கணினி வல்லுநர்களையும் அப்பாதுகாப்பிலிருந்து விலக்க வழி செய்யப்பட்டது. 1996 இல் அதற்கான கூலியெல்லை மணித்தியாலத்துக்கு 27 டொலர் 63 சதம் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. அதாவது, அந்த அளவு கூலி பெறும் நிரலாளன் எவ்வளவு நேரம் வேலை செய்தாலும் மேலதிகக் கொடுப்பனவு கேட்க உரிமையில்லை. நேரத்துக்கு விலையில்லாதபோது அதை அளந்து செலவழிக்க வேண்டிய தேவை நிறுவனத்துக்கு இல்லை. மனவுளைச்சல் என்று நாம் சொல்வதன் ஒரு வேர் இந்தக் கணக்கிலே இருக்கிறது.

உழைத்து உழைத்து உள்ளம் கருகிப்போகும் நிலைக்கு மருத்துவ உலகம் பெயர் வைத்த கதையும் சுவையானது. நியூயோர்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்திலே பணியாற்றிய ஹேர்பட் புரொய்டன்பேகர் என்ற உளவியலாளர், தம்மிடமும் தம்மோடு தொண்டு செய்தவர்களிடமும் இந்நிலையைக் கண்டு 1974 இல் ஒரு கட்டுரை எழுதினார். எரிந்து தீர்ந்துபோதல் என்று பொருள்படும் ‘பேர்ண்அவுட்’ என்ற சொல் அதன்பின்தான் உளவியலில் நிலைபெற்றது. ஆனால் அதற்குப் பதினான்கு வருடங்களுக்கு முன்பே, 1960 இல், கிரஹாம் கிறீன் ‘எ பேர்ண்ட் அவுட் கேஸ்’ என்ற நாவலை எழுதிவிட்டார். புகழின் உச்சியிலே எல்லாப் பற்றும் அற்றுப்போன ஒரு கட்டடக் கலைஞன், கொங்கோவில் ஒரு தொழுநோயாளர் குடியிருப்பை நாடிச் செல்லும் கதை அது. மருத்துவர் பெயரிடுமுன் நாவலாசிரியர் கண்டுவிடுகிறார் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல்தான் இதனைத் தொழில் சார்ந்த ஒரு நிலையென்று தெளிவாக வரையறுத்தது. அப்பொழுதும் இது நோயன்று என்றே வகைப்படுத்தியது. ‘வேலை செய்யும் இடத்திலே சரியாகக் கையாளப்படாத நீடித்த நெருக்குதலின் விளைவு’ என்பதே அவ்வரையறையின் சாரம். குறை உழைப்பவனின் உடம்பில் மட்டும் இல்லை என்பதை அந்த வரையறையே ஒத்துக்கொள்கிறது.

இனி இரண்டாவது நூலுக்கு வருவோம். கனடிய எழுத்தாளர் டக்ளஸ் கூப்லண்ட் 1995 இல் வெளியிட்ட ‘மைக்ரோசேர்வ்ஸ்’ என்ற நாவல். மைக்ரோசொப்ட் என்ற பெயரோடு பண்ணையடிமை என்று பொருள்படும் சொல்லை ஒட்டிச் செய்த தலைப்பு. டானியல் என்ற இளைஞனின் நாட்குறிப்பாகக் கதை போகிறது. தொடக்கத்திலேயே ஒரு காட்சி. மைக்கல் என்ற நிரலாளனின் வேலையைக் கடுமையாகத் தாக்கி, நிறுவனத் தலைவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. அவன் தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறான். அவன் பட்டினி கிடப்பானே என்று கவலைப்பட்ட டானியல் நள்ளிரவிலே கடைக்குப் போய், கதவின் கீழ் இடுக்கால் தள்ளக்கூடிய தட்டையான உணவுகளாகப் பார்த்து வாங்கி வருகிறான். பாற்கட்டித் துண்டு, பிஸ்கட், இப்படி. அதன்பிறகு மைக்கல் தட்டையான உணவைத் தவிர வேறெதனையும் உண்பதில்லையென்று விரதம் பூண்டுவிடுகிறான்.

நகைச்சுவைக் காட்சிதான். ஆயினும் ஒரு கடிதத்தால் ஒருவன் அறைக்குள் ஒடுங்கிவிட, அவனுக்குக் கதவிடுக்கால் சோறு தள்ளுகிறான் நண்பன் என்று இதையே நம்மூர்ப் பேச்சில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வராது. கூப்லண்டின் திறமை இங்கேதான். ‘எங்களுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறதா’ என்ற கேள்வி அவருடைய பாத்திரங்களைத் தொடர்ந்து துளைக்கிறது. டானியலின் தந்தை ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்து, நடுவயது கடந்தபின் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சிறுவயதிலே நீரில் மூழ்கி இறந்த தம்பியின் நினைவு டானியலை விடுவதில்லை. நண்பர்கள் எல்லோரும் மைக்ரோசொப்டை விட்டுக் கலிபோர்னியாவிலுள்ள சிலிக்கன் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சொந்த நிறுவனம் தொடங்குகிறார்கள். கதையின் இறுதியில் பாரிசவாதத்தால் பேச்சிழந்த தாய், விசைப்பலகையின் உதவியால் பிள்ளைகளோடு பேசுகிறாள். தங்களை ஒடுக்கிய அதே கருவி தாயின் சொல்லை மீட்டுத் தருகிறது. முடிவு சற்றுச் சர்க்கரை கூடிப்போயிற்று என்பது என் கருத்து. நட்பு எல்லாவற்றையும் குணப்படுத்திவிடும் என்ற நம்பிக்கை இருபத்தைந்து வயதுக்குரியது. எனினும் கிடர் வீரமாகக் கண்டதைக் கூப்லண்ட் கேள்வியாக மாற்றிவிட்டார்.

அந்தக் கேள்வியை இறுதிவரை கொண்டுபோனவர் எலன் உல்மன். அவர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்து எழுதியவரல்லர். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1970களின் இறுதியில் நிரலாளராகச் சேர்ந்து ஏறத்தாழ இருபது வருடங்கள் அத்தொழிலிலேயே உழன்றவர். 1997 இல் அவ்வனுபவங்களை ‘குளோஸ் ரு த மெஷின்’ என்ற நினைவு நூலாக எழுதினார். ஆறு வருடங்களின் பின் நாவல் வந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் உச்சிக்குப் போன கணினித்துறைப் பங்குச்சந்தை சரிந்து, பலர் வேலையிழந்திருந்த காலம். ஆனால் கதையை அவர் 1984ஆம் ஆண்டிலே நிகழவிடுகிறார்.

டெலிஜென்ஸியா என்பது கதையில் வரும் கற்பனை நிறுவனம். முதலிட்டவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். ரொபேட்டா வோல்டன் என்ற பெண் அங்கே மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குச் சேர்கிறாள். அவள் மொழியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவள். பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்காமையால் இங்கு வந்தவள். மொழி படித்த எங்களைப் போன்றவர்கள் இவ்விடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்! ஒருநாள் அவள் சோதிக்கும்போது திரை அப்படியே உறைந்துவிடுகிறது. அறிக்கை எழுதுகிறாள். ஆயிரத்துப் பதினேழாவது வழு. அதனை ஆக்கியவன் ஈதன் லெவின். அவன் முதலில் அதை அலட்சியப்படுத்துகிறான். பின்னர் தேடுகிறான். கிடைக்கவில்லை.

இந்த வழுவின் இயல்புதான் கதையின் உயிர். எப்பொழுதும் தோன்றும் வழுவாயின் ஒரு மணித்தியாலத்திலே பிடித்துவிடலாம். இது நினைத்தபோது வரும், தேடினால் ஒளிக்கும். முதலாளியோ முதலிட்டவரோ முன்னால் நிற்கும்போது பார்த்துத் தலைகாட்டும். அதனால் அதற்குக் கோமாளி என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். மறுபடி தோன்றச் செய்ய முடியாத பிழையை நிரூபிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. நம் கிராமத்திலே பேய் கண்டவனுடைய நிலைதான் ஈதனுக்கு. கண்டவனுக்குத் தெரியும், மற்றவர்கள் நம்பவேண்டுமே. நாட்கள் செல்லச் செல்ல அவனுடைய திறமையிலேயே மற்றவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. அதைவிடக் கொடுமை, அவனுக்கே வந்துவிடுகிறது.

வீட்டிலும் இருள் சூழ்கிறது. அவனோடு வாழ்ந்த ஜொஆனா மெல்ல விலகிப் போகிறாள். அவன் இரவிலே தனித்திருந்து, தானே எழுதிய ஒரு நிரலிலே செயற்கை உயிர்கள் பிறந்து பெருகி மடிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 1970 இல் ஜோன் கொன்வே என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் உண்டாக்கிய ‘உயிர் விளையாட்டு’ என்ற கணித விளையாட்டின் வழியில் வந்த ஒன்று அது. வீட்டிலிருந்த உயிர் போய்விட்டது. திரையிலுள்ள உயிர்களைக் காத்துக்கொண்டிருக்கிறான். நாவலிலே என்னை மிகவும் வருத்திய பகுதி இது. ஆசிரியர் இதற்கு ஒரு விளக்கமும் சொல்லாமல் போவது இன்னும் வருத்துகிறது.

குறைகளும் உண்டு. கணினி மொழி தெரியாதவருக்குச் சில பக்கங்கள் கல்லும் முள்ளும். நான் சிலவற்றைத் தாண்டிப் போனேன் என்பதை ஒளிக்கவில்லை. ஜொஆனாவின் பாத்திரம் வேண்டிய அளவு உருப்பெறவில்லை. ஆனால் ஒரு விடயத்தில் இந்நாவல் மற்ற இரண்டையும் மிஞ்சிவிடுகிறது. கிடரின் நூலிலும் கூப்லண்டின் நாவலிலும் மனிதர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், கூட்டம் இருக்கிறது. உல்மனின் அலுவலகத்திலும் நிறைய ஆட்கள் உண்டு, ஆனால் எவரும் ஈதனைப் பார்ப்பதில்லை. வழுவுக்கு எண் இருக்கிறது, படிவம் இருக்கிறது, யார் கண்டது, எப்போது கண்டது, எந்த நிலையில் இருக்கிறது என்று நிரப்ப இடமும் இருக்கிறது. அவனுக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. ரொபேட்டா ஒருத்திதான் அவனுடைய சரிவை ஓரளவு கண்டவள். அவளும் கண்டு பேசாதிருந்தவள். தன்னை மதிக்காதவன் சிறிது வருந்தட்டுமே என்ற சின்ன மனம் அவளுக்கும் இருந்தது. பல வருடங்களின் பின் 2000ஆம் ஆண்டிலே இக்கதையை அவள் நினைவுகூர்ந்து சொல்வது அந்தக் குற்றவுணர்வினால்தான் என்று நான் எண்ணுகிறேன்.

ஈதன் வழுவைக் காணாமலே தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். அதற்குள் நிரல் எழுதப் பழகிவிட்ட ரொபேட்டாதான் பின்னர் அதைக் கண்டுபிடிக்கிறாள். பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. எல்லைக் கணக்கிலே ஒரு சிறு பிசகு.

இந்நாவல் வெளிவந்த மறு வருடமே, 2004 இல், அமெரிக்காவில் கணினி விளையாட்டுகள் செய்யும் பெரிய நிறுவனமான இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸில் வேலை செய்த ஒருவரின் துணைவி, பெயர் சொல்லாமல் ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஓய்வு நாளில்லாத வேலையால் தன் துணைவரின் உடலும் மனமும் குலைவதை அதில் சொல்லியிருந்தார். தொழிலாளர் தொடுத்த வழக்குகளில் அந்நிறுவனம் 156 இலட்சம் டொலரும், பின்னர் 149 இலட்சம் டொலரும் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. ஈதனுக்கு அப்படி எழுத எவரும் இருக்கவில்லை.

எனது மாணவனுக்கு வருகிறேன். இந்த நாவலை அவனுக்குக் கொடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தேன். கொடுக்கவில்லை. நல்ல நூல் எல்லாம் எல்லா நேரத்துக்கும் ஆகாது. அவனுக்குக் கூப்லண்டின் நாவலைக் கொடுத்தனுப்பினேன். தட்டை உணவுக் கதையைச் சொன்னபோது சிறிது சிரித்தான். ‘த பக்’கின் கதையைத் தாயாருக்குச் சொன்னேன். முடிவை மாத்திரம் சொல்லவில்லை. அவர் சேலைத் தலைப்பைக் கையிலே சுற்றியபடி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இது பஞ்சியிலை வாறது இல்லையோ, சேர்?"

"இல்லை, அம்மா."

"லீவு போட்டிட்டு வீட்டிலை நிக்கச் சொல்லட்டோ? டொக்டரிட்டையும் ஒருக்கால் காட்டுறதோ?"

"ஓம் அம்மா. நானும் கூட வாறன்" என்றேன்.